சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஒரு குளம்

அந்த மனுசன் முறிந்த இலைக்குழையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற விதம் இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. களவெடுத்தவனைப் பிடித்த விதானை கோழியை உயர்த்திக் காட்டுவாரே, அந்த மாதிரி. முகம் முழுக்கச் சிவப்பு. காதுகூடச் சிவப்பு.

நாங்கள் மூன்று பேர் அவருக்கு முன்னால் நின்றோம். நான், பக்கத்து வீட்டுப் புஷ்பமக்கா, எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த சென்னைப் பிள்ளை நித்யா. எங்களுக்குப் பின்னால் நித்யாவின் கார், கதவு திறந்தபடி. அதற்குள் இருந்து புளிச்சோற்று மணம் அந்தக் காடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு சங்கிலி. இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் தொங்கியது. அதற்கு அப்பால் பாதை. அந்தப் பாதையில் நடந்து முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும் என்ற நிலைமையில் நான் நின்றேன்.

"என்ன சொல்லுறார், பிள்ளை?" என்று நித்யாவைக் கேட்டேன்.

"ஆன்ட்டி, ரொம்பக் கோவமா இருக்கார். இந்தச் செடியை யார் ஒடிச்சதுன்னு கேக்கறார்."

"நான்தான் எண்டு சொல்லு," என்றா புஷ்பமக்கா. "ஒரு குழை முறிச்சதுக்கு இந்தப் பாடோ? நானென்ன ஆட்டுக்கோ முறிச்சனான்?"

நேர்ந்தது

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும்.

என் தம்பி அன்ரனை ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தது என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் பிடிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. செய்தி வந்தபோது நான் தையல் பக்டரியில், ஜாக்கெட்டுக்குக் கொலர் வைத்துக்கொண்டு இருந்தேன். மெசினை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் விழுந்துவிடுவேன் என்று தெரியும். கால் மிதித்துக்கொண்டே இருக்க, வாய்க்குள் சொன்னேன்: "மாதாவே, அவன் உயிரோட வந்தால், வாற ஆடித் திருவிழாவுக்குள்ள காட்டுவழியால நடந்து உன்னட்ட வாறன்."

மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடு மாதா கோயிலுக்குக் கால்நடையாகப் போவதென்றால் காடு, வெட்டை வெளி, குளக்கட்டு எல்லாம் தாண்டித்தான் போகவேண்டும். காட்டுக்குள் இறங்கமுதல் ஒரு குழையை முறித்து வழியில் நிற்கும் மரத்தில் கொழுவிவிட்டுப் போவோம். வழித்துணைக்கு. சைவக்காரர் பிள்ளையாரை நினைத்துக் கொழுவுவார்கள், வேதக்காரர் தங்கள் அந்தோனியாரை. கொழுவாமல் இறங்குகிறவர் இல்லை. இன்னொன்றும் உண்டு. நேர்த்தி நடையில் இடைவழியில் திரும்பினால் அது கணக்கில் இல்லை. திரும்பத் தொடக்கத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

தம்பி வந்தான். உயிரோடு வந்தான். டெலிபோனில் குரல் மட்டும் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது. முந்தி அவன் சிரிக்காமல் ஒரு வசனம் கதைக்கமாட்டான். இப்போது ஓம், இல்லை, சரி அக்கா. அவ்வளவுதான்.

நேர்ந்தபடி நான் நடக்கவேண்டும். ஆனால் மடுவுக்குப் போகும் பாதை மூடிக்கிடந்தது. ஊரில் இருக்கிறவர்களே போகமுடியாத இடத்துக்கு இங்கே மொன்றியல் ரொக்ஸ்பரோவில் இருக்கிற நான் எப்படிப் போவது?

எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்டேன். நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரன். "திருவிழாவுக்கு இஞ்சத்தை மாதா கோயிலுக்குப் பஸ் போடுறம்தானே, ஸ்டெல்லா. எல்லாரோடையும் வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தும். மாதா ஏற்றுக்கொள்ளுவா."

"சுவாமி, நான் மெழுகுதிரிக்கு நேரேல்லை. காலுக்கு நேர்ந்தனான்."

"உமக்குப் பிடிவாதம்."

"ஓம் சுவாமி."

வீட்டில் இவர் சொன்னது இன்னும் நல்லது. எங்கட ஆள் கதிரையில் இருந்தபடியே உலகத்தைத் திருத்துகிறவர். "இஞ்சரும், ட்ரெட்மில் ஒண்டு வாங்கித் தாறன். மாதான்ர படத்தைச் சுவரில கொழுவிப்போட்டு நடவும். மழையும் இல்லை, நுளம்பும் இல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்று அவருக்கு முட்டைப்பொரியல் இல்லை.

ஜினெட் காட்டிய ஊர்

பக்டரியில் எனக்குப் பக்கத்து மெசின் ஜினெட்டுடையது. கியூபெக்காரி. என்னைவிட வயது கூட, என்னைவிட வாய் கூட. அவளுக்குக் கோபம் வந்தால் பீடத்தில் ஒரு சாமானும் மிஞ்சாது. பேழை, கிண்ணம், அப்பம் என்று வரிசையாக எடுத்துத் திட்டுவாள். இந்த ஊரில் கெட்டவார்த்தை எல்லாம் கோயில் சாமான் என்று அறிந்த நாள் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. நூல் அறுந்தால் நானும் மெல்லமாக ஒரு கிண்ணம் சொல்லுவேன்.

அவளிடம் என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். "ஒரு காடு வேணும். அதுக்குப் பிறகு ஒரு வெளி வேணும். கடைசியில ஒரு குளம். பெரிய கட்டுப் போட்ட குளம்."

"நீ என்ன வீடு வாங்கப் போறியா?" என்றாள்.

காரணம் சொன்னேன். தம்பி கதை முழுக்கச் சொன்னேன். அவள் மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டாள். துண்டுத் துணியின் பின்பக்கத்தில் சோக்கால் ஒரு படம் கீறினாள். அவள் பிறந்த ஊர். லவால் தாண்டி, வடக்கே, பெரிய வீதி சின்ன வீதியாகி, சின்ன வீதி மண்ணாகும் இடம். ஒரு கோயில், டெப்பனர் என்று சொல்லும் ஒரு மூலைக்கடை, கொஞ்ச வீடுகள். ஊருக்குப் பின்னால் தேவதாருக் காடு. காடு முடிய மரமில்லாத பெரிய சதுப்பு வெளி. வெளிக்கு அந்தப் பக்கம் கரண்டுக்காக மறித்த அணைக்கட்டு, கண்ணுக்கு எட்டும் மட்டும் தண்ணி.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வாற ஞாயிறு மொன்றியல் தமிழ்ச்சனம் பாதி அங்கே சோற்றுப் பானையோடு நிற்கும்.

நித்யா கார் ஓட்ட ஒப்புக்கொண்டாள். அவள் லொங்குய்யில் கம்ப்யூட்டர் வேலை. நடைக்கென்றே தனிச் சப்பாத்து, தனித் தடி, தண்ணி குடிக்கக் குழாய் வைத்த பை எல்லாம் வைத்திருந்தாள். என் சிலிப்பரைப் பார்த்து, "ஆன்ட்டி, இதுலயா ட்ரெக்கிங்?" என்றாள்.

"நடக்கிறதுக்குப் பேர் வைச்சால் விலை கூடிப்போம், பிள்ளை," என்றேன்.

புஷ்பமக்காவைக் கூப்பிட நான் யோசித்தேன். அவவின் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. கடிதக்காரன் மணி அடித்தால்கூடக் குசினிக்குள் போய் நிற்கிற ஆள். ஆனால் அவ வவுனியாப் பக்கம். அந்தக் காட்டுவழி எல்லாம் அவவுக்குத் தண்ணிபட்ட பாடு. "குழை கொழுவத் தெரிஞ்ச ஒராள் வேணுமெல்லே," என்று தானே வந்து ஏறிவிட்டா.

புறங்கை

அப்படித்தான் அந்த முதல் ஞாயிறு சங்கிலியடியில் போய் இறங்கினோம். இறங்கிய உடனேயே புஷ்பமக்கா கைக்கு எட்டிய ஒரு பற்றையில் குழையை முறித்து, கட்டையில் கொழுவி, கண்ணை மூடினா. கண்ணைத் திறக்கும்போது அந்த மனுசன் நின்றார்.

பெயர் ரெஜான். பாதையைப் பராமரிக்கிற குழுவின் தலைவர் என்று சட்டையில் ஒரு சின்னம் குத்தியிருந்தார். அவர் அந்தப் பற்றைக்கு முன்னால் முழங்காலில் இருந்து முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நித்யா மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, இந்த மண்ணுல ஒரு செடி வளரவே வருஷக்கணக்கா ஆகுமாம். இது அவர் சின்ன வயசிலேர்ந்து இங்க நிக்குதாம்."

அது எனக்கு விளங்கியது. முறித்தது பிழை. எங்கள் காட்டில் முறித்தால் அடுத்த மழைக்குத் தளிர்க்கும். இங்கே அப்படியில்லை என்று எங்களுக்குத் தெரியாது. நான் "பார்தோன், முஸ்யூ" என்று மன்னிப்புக் கேட்டேன். புஷ்பமக்காவும் கையெடுத்துக் கும்பிட்டா. அதோடு முடிந்திருக்கவேண்டிய விசயம்.

முடியவில்லை. நீங்கள் உள்ளே போகமுடியாது என்றார். கூட்டமாக வருவதென்றால் அனுமதி வேண்டும் என்றார். மூன்று பேர் கூட்டமா என்று நித்யா கேட்டாள். அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரச் சோடி நாயோடு வந்தது. பிள்ளைகள் இரண்டு, பின்னால் இன்னொரு கிழவர். எல்லாரும் "பொன்ஜூர், ரெஜான்" என்று சொல்லிச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாய் சங்கிலிக்குக் கீழால் போனது. போகமுதல் அந்தப் பற்றையில் காலைத் தூக்கிவிட்டுத்தான் போனது.

"அது ஆரிட்ட அனுமதி எடுத்தது எண்டு கேள், பிள்ளை," என்றேன்.

அவர் டெலிபோனை எடுத்தார். பொலிசுக்கு எடுக்கப் போகிறார் என்று நித்யா சொன்னாள். புஷ்பமக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. கை என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

"ஸ்டெல்லா, எனக்கு இன்னும் பேப்பர் வரேல்லை," என்றா. அவ்வளவுதான் சொன்னா.

அவவுக்காகத் திரும்பினோம்.

அப்போது அவர் கையைக் காட்டினார். எனக்கு அந்தக் கை தெரியும். திருப்பி அனுப்புகிறவர்கள் விரலை நீட்டமாட்டார்கள். புறங்கையால், ஈ கலைக்கிற மாதிரி ஒரு தட்டு. எத்தனை சோதனைச்சாவடியில் பார்த்த கை! வெயிலில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, கடைசியில் அந்தப் புறங்கை. அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். துவக்கு இருந்தது. இங்கே என்ன இருந்தது? ஒரு சங்கிலியும் சட்டையில் ஒரு சின்னமும்.

காருக்குள் நித்யா ஆறுதல் சொன்னாள். "விடுங்க ஆன்ட்டி. இந்தப் பக்கம் ஆயிரம் ட்ரெயில் இருக்கு. வேற ஒண்ணு பாத்துக்கலாம்."

"இல்லைப் பிள்ளை. எனக்கு இதுதான்."

"ஏன்?"

"திருப்பி அனுப்பினது இதிலயெல்லே."

ஒரு வசனம்

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்ல, ஜினெட் பாடின பாட்டில் பீடமும் போய்விட்டது, மணிக்கோபுரமும் போய்விட்டது. அந்தச் சங்கிலி நாலு சில்லு மோட்டார் வண்டிக்காரர் வெளியை உழுது நாசமாக்காமல் இருக்கப் போட்டதாம். நடக்கிறவருக்கு இல்லை. பாதை ஊருக்குப் பொது. "என்ர அம்மா அதால போய்ப் பழம் ஆஞ்சவ. ரெஜான் அப்ப மூக்குச் சிந்தத் தெரியாத பெடியன்," என்றாள்.

பிறகு என்னை நேராக உட்காரச் சொன்னாள். "நீ அவனிட்ட என்ன கேட்டனி?"

"போகலாமோ எண்டு."

"அங்கதான் பிழை விட்டனி. கேட்காதை. சொல்லு. 'ஷ பாஸ், முஸ்யூ.' நான் போறன், ஐயா. அவ்வளவுதான். சொல்லிப்போட்டு நட. நிண்டு அவன்ர முகத்தைப் பாத்தியெண்டால் துலைஞ்சாய்."

அந்தக் கிழமை முழுக்கக் கொலருக்கு ஒருதரம், கைக்கு ஒருதரம் என்று அந்த வசனத்தைத் தைத்தேன். ஷ பாஸ், முஸ்யூ. திருவிழாவுக்கு முன் இன்னும் ஒரு ஞாயிறுதான் மிச்சம். சுப்பர்வைசர் பக்கத்தால் போகும்போதும் வாய்க்குள் வந்துவிட்டது. அவர் வழிவிட்டார்.

புஷ்பமக்காவிடம் போய், "நீங்கள் இந்தமுறை வீட்டில நில்லுங்கோ அக்கா," என்றேன். ஞாயிறு காலமை நான் காரடிக்குப் போக, பின் சீற்றில் அவ இருக்கிறா. மடியில் சோற்றுச் சட்டி. சட்டிக்கு மேல் தமிழ்க்கடையில் வாங்கின கறிவேப்பிலைக் கொத்து, பிளாஸ்டிக் பையோடு.

"உதென்னத்துக்கு அக்கா?"

"முறிக்கக்கூடாதெண்டால் கொண்டு போவம். இது அவையின்ர காட்டில முளைச்சதில்லைத்தானே."

ஷ பாஸ்

ரெஜான் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கேதான் நிற்பார்போல. எங்களைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

புஷ்பமக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கட்டையடிக்குப் போய்க் கறிவேப்பிலையைக் கொழுவினா. கண்ணை மூடினா, திறந்தா. நான் முன்னால் வந்து அந்த வசனத்தைச் சொன்னேன். வசனம் முழுதாக வந்தது.

"ஷ பாஸ், முஸ்யூ."

அவர் என்னவோ வேகமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்தான் விளங்கியது, பொலிஸ். கை டெலிபோனுக்குப் போனது. நான் திரும்பிப் புஷ்பமக்காவைப் பார்த்தேன். கடவுளாணை, அவவுக்காக இரண்டாம் முறையும் திரும்பியிருப்பேன்.

ஆனால் அவ அங்கே இல்லை. சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றா. சுற்றிப் போகவில்லை. சங்கிலிக்கு மேலால் கடந்து போயிருந்தா.

"வாவன், ஸ்டெல்லா. சோறு ஆறப்போகுது."

நான் கடந்தேன். நித்யா தடியோடு கடந்தாள். பிறகு நடந்தோம். பின்னால் டெலிபோனில் கதைக்கிற சத்தம் கேட்கவில்லை. சப்பாத்துச் சத்தம்தான் கேட்டது. நாங்கள் இன்னும் என்னத்தை முறிக்கப் போகிறோம் என்று பார்க்க ரெஜான் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். நின்றால் நின்றார். நடந்தால் நடந்தார்.

"பாத்தீங்களா ஆன்ட்டி, நமக்கு செக்யூரிட்டி போட்டிருக்காங்க," என்றாள் நித்யா.

காட்டுக்குள் கறுப்பு ஈ. சின்னது, ஆனால் இறைச்சியைப் பிய்த்துக்கொண்டு போகும். காதுக்குப் பின்னால் இரத்தம் வந்தது. காடு முடிய வெளி திறந்தது. மரமில்லை. வானம் அப்படியே நிலத்தில் வந்து இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுப் புல்லு, காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டு. தண்ணியில் ஊறப்போட்ட தென்னங்கிடுகின் மணம். ஒரு கணம் எனக்கு எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை.

சதுப்புக்கு மேலே பலகை அடித்திருந்தார்கள். ஒரு இடத்தில் பலகை சரிந்து கிடந்தது. கால் வைத்தேன். முழங்கால் வரைக்கும் களிக்குள் போய்விட்டது. இழுத்தேன், கால் வந்தது. சிலிப்பர் வரவில்லை. கறுப்புக் களி ஒருதரம் கொப்பளித்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஐயையோ! என் ஷூவைப் போட்டுக்கோங்க ஆன்ட்டி."

"வேண்டாம் பிள்ளை. நேர்த்திக்கு வெறுங்கால்தான். மாதா அறிஞ்சுதான் பறிச்சிருக்கிறா." மற்றச் சிலிப்பரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பலகை சூடு, களி குளிர்மை, கல்லு கூர். ஒன்றும் விடாமல் உள்ளங்காலில் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

புஷ்பமக்கா மாதா பாட்டு ஒன்றை எடுத்தா. அவ சைவக்காரி. ஆனாலும் வரி ஒன்றும் பிசகவில்லை. பின்னால் வந்தவர் எங்களோடு பாடவுமில்லை, நிற்பாட்டச் சொல்லவுமில்லை.

மத்தியான வெயிலில் குளக்கட்டில் ஏறினோம். குளம். அவர்களுக்கு அது என்ன பெயரோ, எனக்குக் குளம். தண்ணி அணைக்கட்டில் வந்து மெல்ல மெல்ல அடித்தது. கோயில் இல்லை, மணி இல்லை, திரள் இல்லை. நான் இறங்கித் தண்ணியைத் தொட்டு நெற்றியில் வைத்தேன். தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெரிய தண்ணிக்கு மேலே அது போனதை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

புஷ்பமக்கா சோறு பிரித்தா. சட்டி மூடியில் கொஞ்சம் போட்டு ரெஜானிடம் நீட்டினா. அவர் தலையாட்டி மறுத்தார். அவ நீட்டின கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கினார். சாப்பிட்டார். மிளகாய் பிடித்து இருமினார். நாங்கள் சிரித்தோம், மறைக்காமல்.

திரும்பி வரும்போது கறிவேப்பிலை கட்டையில் வாடித் தொங்கியது. அவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்து நான் நின்றேன். வெறுங்காலோடு, ஒற்றைச் சிலிப்பரோடு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

குதிக்கால்

அந்தச் சதுப்புக் களி சாயம் மாதிரி. குதிக்கால் வெடிப்புக்குள் இறங்கிக் கறுப்புக் கோடு கோடாக நின்றது. "தேங்காய்ப் பொச்சு எடுத்து உரஞ்சும். இல்லாட்டி ஞாயிறு கோயிலுக்குச் சொக்ஸ் போட்டுக்கொண்டு வாரும். சனம் பாக்கும்," என்றார் இவர்.

அடுத்தநாள் பின்னேரம் டெப்பனரில் போன் காட் வாங்கி ஊருக்கு எடுத்தேன். அவனுக்கு விடியக்காலமை.

"தம்பி, நேர்த்தி முடிச்சிட்டன்."

"எங்க அக்கா?"

"இஞ்சதான். காட்டுக்குள்ளால போய், வெளிக்குள்ளால போய், குளத்தடிக்கு."

"கோயில் இருந்ததோ?"

"இல்லை."

"சுவாமி ஆரும் வந்தவையோ?"

"இல்லை. கறிவேப்பிலை இருந்தது. பின்னால ஒரு வெள்ளைக்காரன் காவலுக்கு வந்தவன்."

லைனில் கரகரவென்று ஒரு இரைச்சல். காட் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு கேட்டது. சிரிக்கிறான். வெளியில் வந்த பிறகு முதல்தரம். கிணற்றுக்குள் இருந்து இல்லை, பக்கத்தில் நின்று சிரிக்கிற மாதிரி. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "ஆனா அக்கா, அது செல்லுமோ?"

நான் காலைத் தூக்கி மற்ற முழங்காலில் போட்டுக் குதிக்காலைப் பார்த்தேன்.

"நேர்ந்தவள் நான். நடந்தவளும் நான். செல்லாதெண்டு சொல்லுறவை வந்து இதைப் பாத்துப்போட்டுச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்மை அப்பம் எடுக்க வரிசையில் போனேன். சொக்ஸ் போடவில்லை.